ஜொகூர்க் காட்டின் ஓசையும் மணமும்

கற்பூரம் எடுக்கக் காட்டிற்குள் புகுவோர் அன்றாடம் பேசும் மொழியைக் காட்டின் விளிம்பிலேயே விட்டுச் செல்லவேண்டும் என்பது ஜொகூரின் பழங்குடியினரிடையே நிலவிய கட்டுப்பாடு. உள்ளே சென்றபின் அவர்கள் பேசியது வேறொரு மொழி. சோறு, நெருப்பு, புலி, யானை எனப் பழகிய சொற்களை விலக்கி, அவற்றிற்கென அமைந்த வேறு சொற்களாலேயே எல்லாவற்றையும் குறித்தனர். மலாய்க்காரர் இதனைப் 'பந்தாங் காப்பூர்' என்று அழைத்தனர். கற்பூர விலக்கு எனத் தமிழில் வழங்கலாம். சிங்கப்பூரில் இதழ் நடத்திய லோகன் என்பார் 1847இல் ஜொகூரின் உள்நாட்டு மக்களைப் பற்றி எழுதியபோதே இவ்வழக்கத்தைப் பதிவு செய்தார். லேக், கெல்சல் என்னும் இருவர் ஜொகூரின் கற்பூர மரத்தையும் அதன் மொழியையும் பற்றி 1894இல் தனிக்கட்டுரையே வெளியிட்டனர்.

இம்மொழியைக் காட்டிலும் வியப்பளிப்பது அம்மக்கள் காட்டை அறிந்த முறை. கற்பூர மரத்திற்கு உரிய தெய்வம் பெண் தெய்வம். பீசான் என்பது அதன் பெயர். அவள் சில்வண்டின் வடிவில் இருப்பவள். இரவில் பீசானின் குரல் கேட்குமாயின் அருகில் கற்பூரம் உண்டு என்பது உறுதி. காட்டில் இருக்கும் நாளெல்லாம் உப்பைப் பொடி செய்து உண்ணலாகாது. கல்லுப்பாக உண்டால் மரத்தின் வெடிப்புகளில் பெரும் மணிகளாகக் கற்பூரம் கிடைக்கும்; நுணுக்கி உண்டால் கற்பூரமும் நுண்தூளாகிவிடும். இதனை மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது. ஆயினும் செவியும் நாவும் மூக்கும் ஒருங்கே விழித்திருக்க வேண்டிய இடம் காடு என்னும் அறிவு இந்நம்பிக்கைக்குள் பொதிந்து கிடப்பதைக் காணாமல் இருப்பது அறிவுடைமை ஆகாது.

கற்பூரம் தமிழர்க்கு அயலானதன்று. இன்று கோயில்களில் ஏற்றப்பெறும் சூடம் பெரும்பாலும் ஆலைகளில் செயற்கையாகச் செய்யப்படுவது. பண்டைய வணிகர் பொன்னுக்கு நிகராக மதித்த பச்சைக் கற்பூரமோ சுமத்திரா, மலாயா, போர்னியோ காடுகளில் வானளாவி நிற்கும் மரங்களின் உள்வயிரத்தில் விளைந்தது. கற்பூரத் துறைமுகமாகப் புகழ்பெற்ற சுமத்திராவின் பாருஸுக்கு அருகில், லோபு துவா என்னும் இடத்தில், கி.பி. 1088ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது அது. ஒரு மணத்தைத் தேடிக் கடல் கடந்தவர்கள், மீண்டும் மீண்டும் வந்தவர்கள், இறுதியில் கல்லில் தம் மொழியை வெட்டி வைக்கும் அளவிற்கு அவ்விடத்தோடு ஒன்றியவர்கள் அவர்கள். அகிலின் கதையும் ஏறத்தாழ இத்தகையதே. மலாய்க்காரரின் 'காஹாரு' தமிழரின் அகிலுக்கு உறவுடைய சொல்.

எனினும் வணிகனின் மறுவருகை வேறு. காட்டிற்காகவே காட்டிற்கு வருபவனின் மறுவருகை வேறு. வணிகன் துறைமுகத்தோடு நின்றுவிட்டான். உள்ளே சென்று மரத்தைக் கொத்தி மணம் அறிந்தவர்கள் பழங்குடியினரே. காடு தரும் பொருளை விடுத்து, காடு தரும் அனுபவத்தையே பயனாகக் கருதிச் செல்லும் வழக்கம் எப்போது எழுந்தது என்பதே ஆராயத்தக்க வினா.

தமிழ் மாணவர்க்கு இங்கே ஒரு நூல் நினைவுக்கு வருதல் இயல்பு. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை என்பது அதன் மற்றொரு பெயர். நன்னனின் மலைநாட்டிற்குச் செல்லும் வழியில் கேட்கும் ஓசைகளை அது அடுக்கிக் கூறுகிறது: அருவியில் ஆடுவோரின் ஆரவாரம், தேன் அழிப்போரின் ஒலி, யானையின் பிளிறல், புலி பாய்ந்த கணவனின் புண் ஆறுதற்பொருட்டுக் குறமகள் பாடும் பாட்டு. மலையில் எழும் இவ்வோசைகளை யானையின் மதத்தோடு இயைத்தே நூலுக்குப் பெயர் வந்தது. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் இயல்பையும் இங்கே கருதவேண்டும். ஓரிடம் சென்று பயன் பெற்றவன், எதிர்ப்படும் இன்னொருவனை அங்கே போகச் சொல்கிறான். வழியின் இன்பத்தையும் இடரையும் ஒளிக்காமல் உரைக்கிறான். சுற்றுலா ஆய்வாளர்கள் இன்று ஒரு பயணியின் பற்றுறுதியை அளக்கக் கையாளும் வினாக்களுள் தலையாயவை இரண்டு. மீண்டும் வருவீர்களா என்பது ஒன்று. பிறரை இங்கே வரச்சொல்வீர்களா என்பது மற்றொன்று. இரண்டாவது வினாவிற்கு விடையாக ஓர் இலக்கிய வகையையே படைத்துக்கொண்ட மொழி தமிழ்.

ஜொகூரிலும் ஒரு மலை உண்டு. தங்காக் வட்டாரத்தில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் குனோங் லேடாங் அம்மாநிலத்தின் மிகவுயர்ந்த சிகரம். ஐரோப்பியர் அதனை ஓஃபிர் மலை என்றனர். மலாய் வரலாற்று நூலாகிய செஜாரா மெலாயு அம்மலையின் இளவரசியைப் பற்றிய கதையைக் கூறுகிறது. மலாக்கா சுல்தான் மாமுட் அவளை மணக்க விரும்பித் தூது அனுப்பினான். பொன்னாலும் வெள்ளியாலும் பாலங்கள், ஏழு தட்டுக் கொசு நெஞ்சு, தாழி நிறையக் கண்ணீர், இறுதியில் அரசனின் இரத்தத்தோடு அவன் மகனின் இரத்தம் என நிறைவேற்றவொண்ணா நிபந்தனைகளை அவள் விதித்தாள் என்பது பலரும் அறிந்தது. 2004இல் வெளிவந்த திரைப்படமும் அக்கதையைப் பரப்பிற்று. பலரும் கருதாமல் விடுவது தூதர் மலையேறிய பகுதி. முதுமையால் ஹாங் துவா வழியில் நின்றுவிட, துன் மாமாட் என்பவன் ஏறிச் செல்கிறான். காற்றில் மூங்கில்கள் இசைக்கின்றன. அவ்விசையில் பறவையும் விலங்கும் மயங்குகின்றன. மேலே ஒரு பூங்காவில் மலர்களும் பறவைகளும் பாட்டுரைக்கின்றன. அம்மலை முதலில் செவி வழியாகவே இலக்கியத்துள் நுழைந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அதே மலையில் 1854ஆம் ஆண்டு ஏறினார் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். மலாக்காவிலிருந்து மலாய்க்காரர் சிலரின் துணையோடு சென்ற அவர், அப்பயணத்தைப் பின்னாளில், 1869இல் வெளியான மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய நூலில் விவரித்தார். உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றி டார்வினோடு ஒத்த கருத்தைத் தனித்துக் கண்டவர் என்று உலகம் போற்றும் அவ்வறிஞர், லேடாங் மலையைக் கண்ணால் மட்டும் கண்டாரல்லர். வழியில் அட்டைகள் அவர் உடலில் ஏறின. சரிந்த பாறைவெளியில் நீர் கிடைக்காமல் தாகம் வாட்டியபோது, மலாய்க்காரர் 'குரங்குப் பானை' என்று பெயரிட்ட குடுவைச் செடிகளில் தேங்கிய நீரை அவரும் துணைவரும் பருகினர். பூச்சிகள் மிதந்த நீர் அது. சற்றே வெதுவெதுப்பாகவும் இருந்தது. ஆயினும் சுவையாகவே இருந்ததாம். ஆர்கஸ் என்னும் பெருங்கோழியின் கூவல் காடெங்கும் கேட்டது. பறவையோ கண்ணில் படவேயில்லை. பல்லாண்டுகள் வேட்டையாடிய ஒரு முதியவரே அதனைக் காட்டில் நேரில் கண்டதில்லை என்றார். கேட்கப்பட்டும் காணப்படாத அப்பறவையே அப்பயணத்தின் உயிர்நாடியாகப் படிப்போர் மனத்தில் நிற்கிறது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1874ஆம் ஆண்டின் இறுதியில், ரஷ்ய அறிஞர் மிக்லூகோ மக்லாய் மகாராஜா அபு பக்காரின் ஆதரவோடு ஜொகூரின் உட்பகுதிகளில் ஆற்றுவழியாகவும் நடந்தும் பயணம் செய்தார். மழைக்காலம் அது. அவர் நாடியது மக்களினத்தை, காட்டையன்று. ஆயினும் இவ்விருவரின் குறிப்புகளும் பின்வந்த பலரை இந்நிலத்தின்பால் ஈர்த்தன.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் காட்சி மாறிற்று. 1909இல் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இருப்புப்பாதை நிறைவுற்றது. பாதையின் இருமருங்கும் காடு வீழ்ந்தது, ரப்பர் நிமிர்ந்தது. சிகாமட், லாபிஸ், குளுவாங் என நீண்ட அத்தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்தோர் ஆயிரமாயிரவர். அவர்களுக்குக் காடு என்பது இன்பப் பயணத்திற்கு உரிய இடமாக இருக்கவில்லை. இருளில் உறுமும் புலி, காய்ச்சலைக் கொணரும் கொசு, காலில் ஏறும் அட்டை ஆகிய இவையே அவர்கள் புலன்கள் அறிந்த காடு. தாம் உழைத்த தோட்டத்தையும் அவர்கள் காடு என்றே அழைத்தனர். அகிலன் மலேசிய மண்ணை வைத்து எழுதிய புதினத்திற்குப் 'பால்மரக் காட்டினிலே' என்று பெயரிட்டது அவ்வழக்கை ஒட்டியே. அக்காட்டின் மணம் உறைந்த பாலின் புளித்த வாடையும் புகைக்கூடத்தின் நெடியும் ஆகும். அங்கே அவர்கள் ஒவ்வொரு விடியலிலும் மீண்டும் வந்தனர். அதனைப் பற்றுறுதி என்று எந்த ஆய்வாளரும் கணக்கிடார். விரும்பி வருவதற்கும் வேறு வழியின்றி வருவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை இக்குடியினரின் வரலாற்றைப் போல் தெளிவாக விளக்குவது பிறிதொன்றில்லை. அவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று பள்ளிப் பயணமாக அதே காட்டின் வாயிலில் பேருந்திலிருந்து இறங்குகின்றனர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஓய்வு நாளில் காட்டை நாடும் பழக்கம் மெல்ல மெல்லப் பரவியது. 1924இல் ஜொகூர்ப் பாலம் முறையாகத் திறக்கப்பட்டபின் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஜொகூரின் அருவிகள் அண்மையாயின. முந்தாஹாக் மலையின் அடியில் விழும் கோத்தா திங்கி அருவியும் லேடாங்கின் அடிவாரத்துச் சாகில் அருவியும் வார இறுதிகளில் நிரம்பலாயின. குளிர்ந்த நீரில் காலை வைத்தவன் அதனை மறப்பதில்லை. கட்டுச்சோற்றின் சுவையும் அங்கே கூடிவிடும். ஆனால் கூட்டம் பெருகப் பெருக, மக்கள் எதனை நாடி வந்தனரோ அதுவே குறையத் தொடங்கிற்று. பாறை இருந்த இடத்தில் சிமெந்துத் தளம். அருவியின் ஓசைக்கு மேல் ஒலிபெருக்கியின் ஓசை. எங்கும் கேட்கக்கூடிய பாட்டைக் கேட்க எவரும் அறுபது கல் தொலைவு வருவதில்லை.

இனி எண்டாவ்-ரொம்பின். ஜொகூரும் பகாங்கும் சந்திக்கும் எல்லையில், இருபது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட எரிமலைப் பாறைகளின் மேல் பரந்து கிடக்கும் தாழ்நிலக் காடு அது. மூன்றாம் மலேசியத் திட்டம் (1976-1980) அதனைத் தேசியப் பூங்காவாக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆயின் நிலமும் காடும் கூட்டரசின் ஆட்சிக்கு உட்பட்டவையல்ல, மாநிலங்களுக்கு உரியவை. 1977இல் பகாங் மாநில அரசு, பூங்காவின் நடுப்பகுதியாகக் கருதப்பட்ட நிலத்திலேயே மரம் வெட்ட இசைவு அளித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1940இல் தோன்றிய மலாயா இயற்கைக் கழகமும் பிற சுற்றுச்சூழல் அமைப்புகளும் குரல் கொடுத்தன. நாளேடுகளுக்கு மடல்கள் குவிந்தன. 1978இல் வெட்டு நின்றது. மடல் எழுதியோருள் மிகப் பலர் அக்காட்டைக் கண்டிருக்க வழியில்லை. அந்நாளில் அங்கே செல்லப் படகும் பல நாள் ஓய்வும் தேவைப்பட்டன. காணாத காட்டிற்காகக் குரல் எழுப்பினர் என்றால், கண்டு வந்த சிலர் எத்துணை உணர்ச்சியோடு அதனை உரைத்திருக்க வேண்டும்! கூத்தன் கூத்தனை ஆற்றுப்படுத்தியது போன்றதே அது.

வெட்டு நின்றபின்னும் காட்டிற்குச் சட்டப் பாதுகாப்பு கிட்டவில்லை. இந்நிலையில் 1985-86இல் மலாயா இயற்கைக் கழகம் எண்டாவ்-ரொம்பினுக்குள் ஓர் ஆய்வுப் பயணத்தை நடத்தியது. எண்டாவ் ஆறும் ஜாசின் ஆறும் கூடும் குவாலா ஜாசினில் முகாம் அமைந்தது. அறிஞர் மட்டுமேயன்றிப் பொதுமக்களும் தன்னார்வலராகச் சென்று தங்கியது அதன் தனிச்சிறப்பு. ஜானிங் மலையின் உச்சியில் விசிறிப்பனைகள் மட்டுமே செறிந்து நின்று, வெயிலைப் பச்சை ஒளியாக வடித்துத் தரும் பகுதி ஒன்று உண்டு. அப்பனை அறிவியலுக்குப் புதிய இனம் எனக் கண்டு, எண்டாவின் பெயராலேயே 1987இல் அதற்குப் பெயரிட்டனர். பட்டியல்களும் அறிக்கைகளும் பயன் தந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கே இரவைக் கழித்து, விடியலில் உங்கா குரங்குகளின் நீண்ட கூவலைக் கேட்டு, இருவாட்சியின் சிறகோசை தலைக்கு மேல் கடந்து செல்லக் கண்டு திரும்பியோர் நகரங்களில் பேசிய பேச்சு அவ்வறிக்கைகளுக்கு வலுவூட்டியிருக்க வேண்டும். 1989இல் ஜொகூர் தன் தேசியப் பூங்காக் கழகத்திற்கான சட்டத்தை இயற்றியது. 1993இல் ஜொகூர்ப் பகுதியின் 48,905 எக்டார் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பெற்றது. கூட்டரசுச் சட்டத்தின் கீழ் அன்று, மாநிலத்தின் சொந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த பூங்கா என்பது மேலே கூறிய நில உரிமைச் சிக்கலின் விளைவு.

புலன்களுக்கும் மறுவருகைக்கும் உள்ள தொடர்பை அறிஞர்கள் பல்வேறு வழிகளில் ஆராய்ந்துள்ளனர். மனிதன் இடத்தின்மேல் கொள்ளும் அன்பைப் பற்றி புவியியல் அறிஞர் யி-ஃபூ துவான் 1974இல் ஒரு நூலே எழுதினார். ஜப்பானிய வனத்துறை 1982இல் 'வனக்குளியல்' என்னும் சொல்லைப் புழக்கத்திற்குக் கொணர்ந்தது. நீரில் அன்று, காட்டின் காற்றிலும் மணத்திலும் தோய்தல் என்பது பொருள். வறண்ட மண்ணில் மழை விழும்போது எழும் மணத்தை ஆஸ்திரேலிய வேதியியலார் இருவர் 1964இல் ஆராய்ந்து அதற்குத் தனிப்பெயர் சூட்டினர். அம்மண்வாசத்திற்குக் காரணமான பொருள்களுள் ஒன்று, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்குவது. அதனை மிக மிக நுண்ணிய அளவிலும் மனித மூக்கு உணர்ந்துகொள்கிறது. மூளையில் மண உணர்வின் பாதை நினைவிற்கும் உணர்ச்சிக்கும் உரிய பகுதிகளை நெருங்கிச் செல்வதால், கண்ட காட்சி மங்கியபின்னும் முகர்ந்த மணம் பழைய நாளை மீட்டுத் தருகிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், காட்டிற்கு வந்தவன் நிறைவடைந்தான் என்பதும், அவன் மீண்டும் வருவான் என்பதும் ஒன்றல்ல என்பது விளங்கும். நல்ல தங்குமிடமும் நல்ல பாதையும் நிறைவைத் தரலாம். இடத்தோடு பிணைப்பது, வேறெங்கும் கிட்டாத புலனுணர்வே.

ஊப்பே கூலிங் அருவியில் நீர்ச்சுழல் பன்னெடுங்காலமாகக் கடைந்த பாறைக்குழிகளில் உடல் ஆழ அமர்தலும், புவாயா சங்குட் அருவியை அடைய நெடுநேரம் நடந்த கால்களின் வலியும் அத்தகையவை. அட்டைக்கடியும் இவ்வரிசையில் சேரும் என்றால் சிலர் நகைக்கக்கூடும். ஆனால் இடரை மறைக்கும் விளம்பர ஏடுகள் பயணியை ஒருமுறை அழைத்துவரலாம். அதனை உள்ளவாறு உரைத்த மலைபடுகடாத்தின் கூத்தனே நம்பத்தக்கவன். வண்ணப்படங்கள் கண்ணுக்கு மட்டும் விருந்தளிப்பவை. கண் ஒன்றையே நம்பி வந்தவன், புலியைக் காணவில்லை, யானையைக் காணவில்லை என்று குறைகூறித் திரும்புவான். ஆர்கஸைக் காணாத வாலஸ் குறைகூறினாரல்லர்.

காணாமல் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் வேறுபாடு உண்டு. எண்டாவ்-ரொம்பின் ஒரு காலத்தில் சுமத்திராக் காண்டாமிருகத்தின் சிறந்த உறைவிடங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. அதனைக் காக்கவேண்டும் என்பதும் அன்றைய போராட்டத்தின் காரணங்களுள் ஒன்று. காடு காப்பாற்றப்பட்டது, காண்டாமிருகம் காப்பாற்றப்படவில்லை. மலேசியாவில் எஞ்சியிருந்த கடைசிக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. லேடாங் மலைவழியில் அவ்விலங்கின் சுவடுகளைக் கண்டதாக வாலஸ் குறித்த வரி இன்று வேறொரு பொருளைத் தருகிறது.

பூங்காவின் வாயிலில் உள்ள கம்போங் பேட்டா ஜாக்குன் மக்களின் ஊர். குளுவாங்கிலிருந்து காஹாங் வழியாக மண்சாலையில் வரும் பயணியரைக் காட்டிற்குள் அழைத்துச் செல்பவர்களுள் அவ்வூரார் உண்டு. எந்த இலையைக் கசக்கினால் என்ன மணம் வரும், எந்தக் குரல் எந்தப் பறவையினுடையது என்று அவர்கள் சொல்லும்போதுதான் காடு வாய் திறக்கிறது. மறுவருகையைப் பற்றிய கணக்குகளில் அவர்களுக்கு இடமில்லை. போனவர்கள்தாம் திரும்பி வரமுடியும். எனினும் வருவோர் மீண்டும் வருவதற்கு அவர்களின் அறிவே பெருங்காரணம் என்பதைப் பூங்காவை நடத்துவோர் உணர்ந்து, அவ்வறிவுக்கு உரிய ஊதியமும் மதிப்பும் அளித்தல் கடமை.

ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும். எண்டாவ் ஆறு கரைபுரளும்; மண்சாலை சேறாகும். அம்மாதங்களில் பூங்கா பயணியருக்கு மூடப்படுவது வழக்கம். படகுகள் கரையேற்றப்படும், பாதைகளில் தழை மூடும். மழை விட்டு வாயில் திறக்கும் நாளுக்காகச் சிலர் முன்கூட்டியே இடம் கேட்டு வைக்கின்றனர்.